உங்களால இன்னா முடியாது?

அவர் முன்னால் போய் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் கடைசியில் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பெயர், வயது, பாஸ்போர்ட் நம்பர், தெரிந்த வேலை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கம்ப்யூட்டரில் அடிப்பார். அடித்து முடித்ததும் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். வந்தவர் முகத்தைப் பார்ப்பார்.

“உங்களால இன்னா முடியாது?”

கேட்டுவிட்டுக் காத்திருப்பார். வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுத்தாலும், கடைக்காரர் தொண்டையைச் செருமினாலும், பதில் வரும்வரை அந்தக் கைகள் மடியை விட்டு எழாது.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடையில் அவர் டைப் அடித்தார். கடை இரண்டு ஆள் அகலம்தான். உள்ளே மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் இடத்தில், அவருடைய கம்ப்யூட்டர். வெளிநாட்டு வேலைக்கு மனு எழுத வருகிறவர்கள்தான் அவரிடம் அதிகம். ரிஷிவந்தியம், மணலூர்பேட்டை, மலைமேல் எங்கள் ஊர்கள் என்று எல்லாப் பக்கமிருந்தும் வருவார்கள். டைப்பிங் மேடம் என்றால்தான் தெரியும். பெயரும் எனக்குத் தெரியும். இங்கே எழுதவில்லை. அவருடைய மகள் படித்தால் சங்கடப்படலாம்.

நான் முதல் தடவை உள்ளே போன அன்று எனக்கு முன்னால் மணலூர்பேட்டைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கரும்பு வெட்டுகிறவர். தோட்ட வேலைக்குத் துபாய் போகப் போகிறார். எங்கள் பக்கத்தில் எந்த அரபு நாட்டுக்குப் போனாலும் துபாய் என்றுதான் சொல்வோம். மேடம் கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“முடியாதுன்னு ஒண்ணும் இல்லீங்க. சொன்னா செய்வேன்.”

“கெணத்துல எறங்குவீங்களா?”

“எறங்குவேங்க.”

“பாம்பு புடிப்பீங்களா?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “புடிக்க சொன்னா புடிக்கறேங்க.”

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு கிழவர், “பாத்தும்மா, அவுரு பாம்ப புடிச்சா பாம்பு அவுர புடிச்சிக்கும்” என்றார். மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

“புடிப்பீங்களா, மாட்டீங்களா?”

“மாட்டேங்க” என்றார் அவர். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“இப்ப சொன்னீங்கல்ல, அப்படித்தான் சொல்லணும். இப்ப நெசமா சொல்லுங்க. இன்னா முடியாது?”

அவருக்கு வலது முழங்கை எப்போதோ முறிந்து, சரியாகக் கூடாமல் போயிருந்தது. கையைத் தலைக்கு மேலே தூக்கி நெடுநேரம் வேலை செய்ய வராது. அதைச் சொல்லும்போது திருட்டை ஒத்துக்கொள்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். மேடம் அதைக் கடைசி வரியாக அடித்தார்.

இதில் மணலூர்பேட்டைக்காரருடைய தப்பு ஒன்றும் இல்லை. கூலிக்குப் போகிறவர்கள் வாயில் முடியாது என்ற சொல் வராது. கரும்பு வெட்டக் கூப்பிட்டாலும் மரவள்ளி பிடுங்கக் கூப்பிட்டாலும், காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தாலும், ‘வரேங்க’ என்றுதான் எங்களுக்குப் பழக்கம். ஒரு நாள் முடியாது என்றால் மறுநாள் வேறு ஆள் வந்துவிடுவான். அந்தப் பழக்கத்தோடுதான் நாங்கள் அவரிடம் போய் உட்கார்ந்தோம்.

நானும் அப்படித்தான் போனேன். என் ஊர் கரியாலூரைத் தாண்டி மலைக்குள்ளே இருக்கிறது. அஞ்சாவது வரைக்கும் படித்தேன். வீட்டு நிலத்தில் சாமையும் மரவள்ளியும்தான் விளையும். அது போதாமல் பதினைந்து வயதில் கீழே இறங்கிக் கட்டட வேலைக்கு வந்து, டைல்ஸ் ஒட்டப் பழகினேன். பெரிய மகள் பன்னிரண்டாவது முடித்துவிட்டு நர்சு படிப்பு படிக்க வேண்டும் என்று சொன்னபோதுதான் வெளிநாடு போகலாம் என்று தோன்றியது. ஏஜெண்ட் ஒருவர், “பயோடேட்டா இல்லாம பேசவே பேசாத” என்று சொல்லி அனுப்பினார். கடை வாசல் வரைக்கும் இரண்டு தடவை போய்த் திரும்பி வந்துவிட்டேன். புது ஆளிடம் பேச வேண்டும் என்றால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் தடவை மழை பிடித்துக்கொண்டதால் உள்ளே போனேன்.

“இன்னா வேல தெரியும்ணா?” என்று கேட்டார். என்னைவிட நாலைந்து வயது சின்னவராக இருப்பார். நெற்றியில் சின்னதாகக் கறுப்புப் பொட்டு.

“எந்த வேலயா இருந்தாலும் செய்வேங்க.”

அவர் ஆங்கிலத்தில் ஒரு வரி அடித்தார். திரையை என் பக்கம் திருப்பினார். “நீங்க சொன்னது இதுதான். நல்லா பாத்துக்குங்க.” பிறகு அந்த வரியைக் கடைசியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். ஒரே தட்டில் அழிக்க அவருக்குத் தெரியும். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தார்.

“எந்த வேலயும் செய்வேன்னு எழுதினா எந்த வேலைக்கும் கூப்பிட மாட்டான். அப்படியே கூப்பிட்டான்னா, எந்த வேலய வேணும்னாலும் குடுப்பான். இப்ப சொல்லுங்க. ஒரு நாளிக்கு எத்தனை சதுர அடி ஒட்டுவீங்க?”

அளந்து கணக்குச் சொல்கிறவர் மேஸ்திரிதான். மேடம் மேசையில் இருந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். “இது டைல்ஸு. இந்த மேசை தரை. ஒட்டிக் காட்டுங்க.” நான் கலவை போடுவது, பல்கரண்டியால் சீவுவது, வைத்து மரச்சுத்தியால் தட்டுவது, ரசமட்டம் வைத்துப் பார்ப்பது என்று வெறும் கையால் காட்டினேன். பேசச் சொன்னால்தான் கஷ்டம், கை அது பாட்டுக்குப் போனது. அவர் பார்த்துப் பார்த்து அடித்தார். எந்த அளவு டைல்ஸ், சுவரா தரையா, பாத்ரூமில் தண்ணீர் ஓட்டம் எந்தப் பக்கம் பார்த்து விடுவேன், மூலையில் எப்படி வெட்டுவேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் தலையாட்டியும் விரலால் காட்டியும் சொன்னதெல்லாம் ஒரு பக்கத்துக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் ஒரு வரி போகவிட மாட்டார். “ரெண்டாவது பக்கத்த எவனும் திருப்ப மாட்டான்ணா” என்பார்.

அதோடு விடவில்லை. நான் ஒட்டிய வேலைகளை போட்டோ எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். வேலை முடிந்து கைமாறிய வீடுகள். அவற்றின் கதவைத் தட்டி, உங்கள் பாத்ரூமை போட்டோ எடுக்க வேண்டும் என்று நான் எப்படிச் சொல்வது? தியாகதுருகத்தில் ஒரு வீட்டு வாசலில் அரைமணி நேரம் நின்றேன். அந்த வீட்டு அம்மா வெளியே வந்து, “இன்னாய்யா வேணும்? தண்ணி மீட்டரா?” என்றார். “பாத்ரூமுங்க” என்றேன். “பஸ் ஸ்டாண்டுல இருக்குது, போ” என்று கதவைச் சாத்திவிட்டார். திரும்பி வந்து மேடத்திடம் சொன்னபோது அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஒரு துண்டுக் காகிதத்தில் நான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார். மறுபடி போய் அதை நீட்டினேன். அந்த அம்மாவே என்னை உள்ளே கூப்பிட்டு, லைட்டைப் போட்டுவிட்டு, “ஒரு டைல்ஸு கூட ஆடல தெரியுமா?” என்று சொல்லி, மோர் கொடுத்து அனுப்பினார்.

அந்த போட்டோக்களோடு கடைக்குப் போன அன்று மேடம் உள்ளே இல்லை. வெளியே படியில் உட்கார்ந்திருந்தார். முந்தானையை வாயிலும் மூக்கிலும் வைத்து அழுத்தியிருந்தார். மழையில் கடைக்குள் சாக்கடைத் தண்ணீர் வந்துவிட்டதால் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மேடத்தின் நெஞ்சிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது.

“எனக்கு அந்த வாசனைதான்ணா முடியாது” என்று விட்டுவிட்டுச் சொன்னார். “நெஞ்சு அடைச்சிக்கும். பினாயில் கூட பரவால்ல. இது ஒரு சிட்டிகை போதும். போன வருசம் ரெண்டு நாளு ஆஸ்பத்திரில இருந்தேன்.”

நான் கூடவே படியில் உட்கார்ந்தேன். சாயங்காலம் வரைக்கும் அவரால் உள்ளே போக முடியவில்லை. வந்தவர்களை எல்லாம் நாளைக்கு வரச் சொல்லிவிட்டார். அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவ்வளவு நேரம் ஒரு ஆளோடு சங்கடம் இல்லாமல் நான் உட்கார்ந்திருந்தது அபூர்வம்.

மறுநாள் என் முறை. கையை மடியில் வைத்துக்கொண்டார். கேட்டார். நான் பதில் சொல்ல நெடுநேரம் ஆயிற்று. உயரம் பயமில்லை, வெயில் பழக்கம்தான், இடுப்பு வலி கிடையாது. கடைசியில் சொன்னேன்.

“பேச முடியாதுங்க.”

“நெனச்சேன்” என்றார். அடித்துவிட்டுத் தமிழில் படித்துக் காட்டினார்: ‘அதிகம் பேச மாட்டார். வரைபடத்தைக் காட்டினால் போதும், புரிந்துகொண்டு செய்வார்.’

ஏஜெண்டுக்கு அந்தக் கடைசி வரியைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது. என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, நல்ல பேச்சுக்காரர். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அவரும் அவரைப் போன்ற ஏஜெண்டுகளும் அனுப்புகிறவர்கள்தான்.

“இன்னா மேடம் இது? பொண்ணு பாக்க போறப்ப மாப்பிள்ளைக்கு மூலம் இருக்குதுன்னு பத்திரிகை அடிச்சி குடுக்கற மாதிரி இருக்குது!”

“மொதல்லயே சொல்லிட்டா பொண்ணு வூட்ல மெத்தை போட்டு வெப்பாங்க இல்ல?”

கடைக்காரர்கூடச் சிரித்துவிட்டார். ஏஜெண்ட் சிரிக்கவில்லை. “கம்பெனிக்காரன் இத பாத்துட்டு தூக்கிப் போட்டுட்டான்னா யாருக்கு நஷ்டம்? உங்களுக்கா, எனக்கா? மூணு வருசம் துபாய்ல வேல செஞ்சான்னு ஒரு வரி சேருங்க, இந்த வரிய எடுங்க. இல்லன்னா இனிமே ஆள அனுப்ப மாட்டேன்.”

“செய்யாத வேலய நான் அடிக்க மாட்டேன் சார். முடியாதத விடவும் மாட்டேன்.”

ஏஜெண்ட் போகும்போது என் காதருகே, “நீயே சொல்லி எடுக்க வை. இல்லன்னா உன் பேப்பரு சென்னைக்குப் போவாது” என்றார். கடைக்காரர் மெஷினைத் துடைத்துக்கொண்டே, “மேடம், நான் கடைய நடத்தறதா மூடறதா?” என்று பொதுவாகக் கேட்டார்.

நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். வரியை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். மகளின் படிப்பு அதில் இருக்கிறது. வார்த்தை வரவில்லை. அவரே சொன்னார்.

“எடுக்க சொல்றீங்க. அதான?”

தலையாட்டினேன்.

அவர் திரையைப் பார்த்தபடி பேசினார். என்னிடம் சொல்கிற மாதிரியே இல்லை.

“எங்க வூட்டுக்காரரு லாரி பாடிக்குப் பெயிண்ட் அடிக்கறவரு. தரையில நின்னு அடிக்கற வேல. ஏணில மூணாவது படி ஏறினாலே கால் நடுங்கும். திருவிழாவுல பொண்ணு ராட்டினம் ஏறும், இவுரு கீழ நின்னு பாத்துக்கினு இருப்பாரு. அவுரு பயோடேட்டாவ நான்தான் அடிச்சேன். இதே சேருல உக்காந்து. பெயிண்டரு, எந்த வேலயும் செய்வாருன்னு. அப்பல்லாம் எல்லாருக்கும் அப்படித்தான் அடிச்சிக்கினு இருந்தேன். அங்க போனா, மாடி வூட்டு வெளிச் செவுத்துக்கு, கயித்துல தொங்கற பலகையில ஏத்திட்டாங்க. போன் பண்ணாரு. முடியலன்னாரு. கொஞ்ச நாளு பல்ல கடிச்சிக்கினு இருங்க, பழகிடும்னு சொன்னேன்.”

கீபோர்டில் இருந்த தூசியை விரலால் துடைத்தார்.

“எட்டு நாளு பழகினாரு.”

ஒன்பதாம் நாள் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. அவருடைய கறுப்புப் பொட்டு எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் எழுந்து, அந்தப் பக்கத்தை அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏஜெண்ட் அனுப்பவில்லை. மேடமே பேப்பரில் வந்த விளம்பரத்தைப் பார்த்து நேராக அனுப்பினார். ஒரே ஆளுக்கு ஒரே பயோடேட்டா என்பது அவரிடம் கிடையாது. ஓட்டல் கட்டுகிற கம்பெனிக்கு என் பாத்ரூம் வேலைகளை மேலே ஏற்றினார். கடைகள் கட்டுகிற கம்பெனிக்குத் தரை வேலையை மேலே ஏற்றினார். அந்தந்த விளம்பரத்தில் என்ன கேட்டிருக்கிறது என்று விரல் வைத்துப் படித்துப் படித்து மாற்றுவார். கடைசி வரி மட்டும் எல்லாவற்றிலும் அப்படியே இருந்தது.

ஒரு கம்பெனி கூப்பிட்டது. சென்னைக்கு வெளியே ஒரு ஷெட்டில் வேலை செய்து காட்டச் சொன்னார்கள். எனக்கு முன்னால் போனவர்களிடம் கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஏதேதோ கேட்டார். தொழில் தெரிந்த ஆட்களே தடுமாறினார்கள். என் முறை வந்ததும் அவர் என் பேப்பரைப் படித்தார். கீழே வந்ததும் நின்றார். என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மேசையிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து என் முன்னால் வைத்து விரலால் காட்டினார். நான் கீழே உட்கார்ந்து ஒட்ட ஆரம்பித்தேன்.

அப்படித்தான் மஸ்கட் போனேன். இரண்டு வருடமும் அங்கே போர்மேன் என்னிடம் வரைபடத்தோடுதான் வருவார். மற்றவர்களிடம் கத்துவார். என் பேப்பரில் ஒரு வரி இருந்ததால் என்னிடம் கத்தவில்லை. மகள் நர்சு படிப்பில் சேர்ந்துவிட்டாள்.

முதல் விடுமுறைக்கு வரும்போது மேடத்துக்கு ஒரு சென்ட் பாட்டில் வாங்கினேன். அன்று வாசனை தாங்காமல் அவர் படியில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. அதைக் கூட வேலை செய்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, பேரீச்சம்பழப் பெட்டி வாங்கிக்கொண்டேன்.

கடையில் மாடிப்படிக்கு அடியில் வேறு ஆள் இருந்தார். வேகமாக அடித்தார். முன்பே அடித்து வைத்த ஒரு பக்கத்தில் பெயரையும் போட்டோவையும் மட்டும் மாற்றினார். ஆளுக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் வெளியே நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். ஏஜெண்டுகள் எல்லோரும் சேர்ந்து ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். கடைக்காரர் ஐந்து மாதம் தாக்குப்பிடித்துவிட்டு மேடத்தை நிறுத்திவிட்டார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது மேடம் எங்கே என்று கேட்க வாய் வராமல், பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

அவரே வந்தார். கையில் ஒரு பைல். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“அட, மஸ்கட்டு அண்ணா! எப்ப வந்தீங்க?” பெட்டியைக் கொடுத்தேன். “இன்னாத்துக்குண்ணா இதெல்லாம்? வூட்ல சௌக்கியமா? பொண்ணு சேந்துடுச்சா?” மூன்று கேள்விக்கும் சேர்த்துத் தலையாட்டினேன்.

கடைக்காரர் அவர் முகத்தைப் பார்க்காமல், புது ஆளிடம், “கொஞ்சம் எழுந்திருப்பா. மேடம் உக்காரட்டும்” என்றார்.

மேடம் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்டூலைக் காட்டினார். “உக்காருங்கண்ணா. எனக்குத்தான் அடிக்க வந்திருக்கேன். நமக்கு நாமளே கேட்டுக்க வரல. நீங்க கேளுங்க, நான் அடிக்கறேன்.”

அந்தக் கேள்விகள் எனக்கு மனப்பாடம். பேர், வயது என்று ஆரம்பித்தேன். அவர் பதிலைச் சொல்லிக்கொண்டே அடித்தார்.

“இன்னா வேல தெரியும்?”

“சமையல். துணி துவைக்கறது. வயசானவங்கள பாத்துக்கறது.”

“டைப்பு?” என்றேன்.

“வூட்டு வேலைக்குப் போறேண்ணா. டைப்பு தெரியும்னு போட்டா, இவ லெட்டர் எழுதுவா, கேள்வி கேப்பான்னு பயந்துக்குவாங்க. வேணாம்.”

“கொழந்த?”

“மாமியாரு பாத்துக்கறேன்னாங்க. பத்தாவது படிக்குது. இங்க எந்தக் கடையிலயும் கூப்பிட மாட்டேங்கறாங்கண்ணா. எல்லாக் கடைக்கும் அதே ஏஜெண்ட்டுங்கதான.”

பாஸ்போர்ட் நம்பர் வரைக்கும் முடிந்தது. ஒரு கேள்விதான் பாக்கி. எனக்கு அதைக் கேட்கும் தைரியம் இல்லை. என்னை அறியாமல் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தார். லேசாகச் சிரித்தார். பிறகு திரும்பி ஒரு வரி அடித்தார்.

எனக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஆனால் அந்த வரி எனக்குத் தெரியும். முதல் நாள் என் கண் முன்னால் ஒவ்வொரு எழுத்தாக அவர் அழித்த வரி. அதன் நீளம் தெரியும், அது எந்த எழுத்தில் தொடங்கி எந்த எழுத்தில் முடிகிறது என்று தெரியும்.

எனக்குத் தெரிந்த இன்னொன்றும் இருந்தது. மழைநாள், படி, முந்தானை, நெஞ்சிலிருந்து வந்த அந்த விசில் சத்தம். ‘பிளீச்சிங் பவுடர் முடியாதுன்னு எழுதுங்க மேடம்.’ இவ்வளவுதான் சொல்ல வேண்டும். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. பிரிண்டர் ஓடி முடியும் வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. பேப்பர் வெளியே வந்தது. எடுத்து ஊதி, பைலில் வைத்துக்கொண்டார்.

எழுந்து நின்று சொன்னார். “நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்கன்னு தெரிஞ்சிதான் உங்கள உக்கார சொன்னேண்ணா.”

கோபமாகச் சொல்லவில்லை. நன்றி சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

நான் மஸ்கட்டுக்குத் திரும்பி மூன்று மாதம் கழித்து என் போனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. மேடம்தான். அவரும் ஏதோ ஒரு அரபு நாட்டில் இருந்தார். மத்தியானம், சோற்றுப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு மணல் மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தேன். காதில் வைத்துக் கேட்டேன்.

“அண்ணா, நல்லா இருக்கீங்களா? நான் நல்லா இருக்கேன். மூணு மாடி வூடுண்ணா. பாத்ரூமே ஒம்போது இருக்குது. எல்லாம் வெள்ளை டைல்ஸு, உங்கள மாதிரி ஆளுதான் ஒட்டியிருக்கணும், ஒண்ணு கூட ஆடல. தெனம் ரெண்டு வேள கழுவணும். பளிச்சுன்னு இருக்கணும் இவுங்களுக்கு…” இருமல் வந்தது. நெடுநேரம் இருமினார். இருமலுக்கு இடையில் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. “வெக்கறேண்ணா” என்றதோடு முடிந்தது.

வெள்ளை டைல்ஸை எதைப் போட்டால் பளிச்சென்று வைத்திருக்கலாம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒட்டி முடித்து வீட்டுக்காரரிடம் ஒப்படைக்கும்போது நாங்களே சொல்லிக்கொடுக்கிறதுதான்.

அன்றைக்கே பதில் பேசப் பார்த்தேன். போனில் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டால் குரல் பதிவாகும். அழுத்தினேன். என் மூச்சும், பின்னால் டைல்ஸ் அறுக்கிற மெஷின் சத்தமும்தான் பதிவாயிற்று. அழித்துவிட்டேன். மறுநாளும் அப்படியே. அப்படியே நாட்கள் போயின. எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டேன். தரை சீவும்போது சொன்னேன், மட்டம் பார்க்கும்போது சொன்னேன், பஸ்ஸில் போகும்போது உதட்டுக்குள் சொன்னேன். இருபது நாள் ஆயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை, அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, பொத்தானை அழுத்திச் சொல்லிவிட்டேன்.

“மேடம், பிளீச்சிங் பவுடர் என்னால முடியாதுன்னு அவங்க கிட்ட சொல்லுங்க. சொல்லலாம் மேடம். தப்பில்ல. முடியாதுன்னு சொல்லுங்க.”

என் வாழ்நாளில் யாரிடமும் நான் அவ்வளவு சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

அனுப்பியது போய்ச் சேர்ந்தால் போனில் இரண்டு கோடு விழும். ஒரு கோடுதான் விழுந்தது. அவருடைய போன் அணைந்திருக்கிறது என்று அர்த்தம். மேடத்தின் மகளுக்கும் போன் வரவில்லை என்று ஊரிலிருந்து தகவல் வந்தது. கலெக்டர் ஆபீசில் அந்தப் பெண் மனு கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை தோறும் போய் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

நான் தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன்பு எடுத்துப் பார்க்கிறேன். இன்று காலையும் பார்த்தேன். ஒரு கோடுதான் இருக்கிறது.